ஒலியோடு ஒலி புணரும் இடம்

நுழையும்முன்

சொல்லும் சொல்லும் சேருமிடத்தில் நிகழும் மாற்றங்களை நுணுகி ஆராய்ந்து விதி வகுத்த மொழி தமிழ். இன்று கணினியில் ஒலிப்பதிவுகளை இணைப்போர் அதனையொத்த ஒரு சிக்கலை எண்களைக் கொண்டு தீர்க்கின்றனர். ஓர் ஒலி தேய, மற்றோர் ஒலி வளர, செவிக்கு உறுத்தலின்றி இரண்டும் இணைவது எவ்வாறு என்பதை இப்பாடம் விளக்குகிறது.

வீதியிலிருந்து மண்டபத்துக்கு

மாலை நேரத்தில் திருநெல்வேலி டவுணின் ரத வீதிகள் இரைச்சலால் நிறைந்திருக்கும். வண்டிகளின் ஒலிப்பான்கள், கடைக்காரர்களின் அழைப்பு, அல்வாக் கடை முன்னே கூடியவர்களின் பேச்சு ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக விழும். அங்கிருந்து நெல்லையப்பர் கோயிலுக்குள் நடந்து செல்லும் ஒருவரிடம், "வீதியின் இரைச்சல் எந்த இடத்தில் நின்றது?" என்று கேட்டால் அவரால் விடை கூற இயலாது. கோபுர வாசலைக் கடக்கும்போதே அது பாதியாகக் குறைந்திருக்கும். உள்ளிருந்து வரும் மணியோசை அதற்கு முன்னரே காதில் விழத் தொடங்கியிருக்கும். சில அடிகள் வரை இரண்டும் சேர்ந்து கேட்கும். பின்னர் முன்னது இருந்த சுவடே தெரியாது.

இதே நடையை மூன்று நிமிட உரைச்சித்திரமாக ஒரு மாணவர் குழு உருவாக்க விரும்புவதாகக் கொள்வோம். அவர்களிடம் இரண்டு பதிவுகள் உள்ளன. ஒன்று வீதியில் எடுத்தது. மற்றொன்று மண்டபத்தில் எடுத்தது. முதற்பதிவின் இறுதியை வெட்டி, அடுத்த பதிவின் தொடக்கத்தை அங்கேயே ஒட்டினால், கேட்பவர் திடுக்கிடுவார். அவர் நடக்கவில்லை, யாரோ அவரைத் தூக்கி மண்டபத்தில் வைத்ததுபோல் இருக்கும். ஆகவே, முதற்பதிவின் கடைசி இரண்டு வினாடிகளை மெல்லத் தேய்த்து, அதே இரண்டு வினாடிகளில் அடுத்த பதிவை மெல்ல வளர்த்து, ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு அமைக்க வேண்டும். ஒலிப்பொறியாளர்கள் இதனைக் கிராஸ்ஃபேட் என்பர். இப்பாடத்தில் இது 'தேய்வளர் இணைப்பு' எனக் குறிக்கப்படுகிறது.

சொல்வதற்கு எளிதாகத் தோன்றும் இச்செயலில் ஒரு வினா ஒளிந்திருக்கிறது. எவ்வளவு தேய்ப்பது, எவ்வளவு வளர்ப்பது? எல்லா ஒலிகளுக்கும் ஒரே அளவு பொருந்துமா?

கத்தியும் நாடாவும்

கணினி வருவதற்கு முன்னரே வானொலி நிலையங்கள் இவ்வினாவைச் சந்தித்தன. 1963 முதல் தென் மாவட்ட மக்களுக்கு ஒலிபரப்பிவரும் திருநெல்வேலி வானொலி நிலையத்தைப் போன்ற நிலையங்களில், காந்த நாடாவே நெடுங்காலம் ஒலியைச் சுமந்தது. நாடகத்தில் காட்சி மாறும்போது, ஒரு கருவியின் ஒலிக்கட்டுப்பாட்டை ஒரு கை கீழே இறக்கும். மற்றொரு கருவியின் கட்டுப்பாட்டை மறு கை மேலே ஏற்றும். இரண்டு கைகளும் எந்த வேகத்தில் இயங்கவேண்டும் என்பதற்கு எழுதிவைத்த விதி எதுவுமில்லை. செவியே விதி. பழகிய கை அதற்குக் கீழ்ப்படிந்தது.

நாடாவை வெட்டி ஒட்டுவதில் மற்றொரு நுட்பம் இருந்தது. நாடாவை நேர்க்குறுக்காக வெட்டாமல், 45 பாகை சாய்வாக வெட்டினர். பிரியாமல் ஒட்டுவதற்கு மட்டும் அவர்கள் அவ்வாறு செய்யவில்லை. நாடாவின் அகலம் சுமார் 6.3 மில்லிமீட்டர். சாய்வாக வெட்டியதால் இணைப்பும் நாடாவின் நீளவாக்கில் அதே 6.3 மில்லிமீட்டருக்குப் பரவுகிறது. நாடா வினாடிக்கு 38 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும்போது, அந்த இணைப்பு ஒலிமுனையைக் கடக்க ஏறத்தாழ 16 மில்லிவினாடி ஆகும். 19 சென்டிமீட்டர் வேகத்தில் அது 33 மில்லிவினாடியாக நீளும். அந்நேரத்தில் ஒலிமுனைக்கு அடியில் பழைய நாடாவின் பங்கு சிறிது சிறிதாகக் குறைகிறது. புதிய நாடாவின் பங்கு அதே அளவு கூடுகிறது. கத்தியின் ஒரு சாய்வான கீறல் தன்னளவில் ஒரு தேய்வளர் இணைப்பைச் செய்துவிடுகிறது! பிற்காலத்தில் நிரல் எழுதியோர் பல வரிகளில் எழுதியதை, நாடா வெட்டியோர் ஒரு கோணத்தில் எழுதியிருந்தனர்.

எண்களாகும் ஒலி

கணினிக்குள் ஒலி என்பது எண்களின் நீண்ட வரிசை. 1982-இல் விற்பனைக்கு வந்த குறுந்தகட்டில் ஒரு வினாடி ஒலி 44,100 எண்களாகப் பதியப்படுகிறது. ஒவ்வோர் எண்ணும் அக்கணத்தில் ஒலியலையின் வீச்சைக் குறிக்கும். இவ்வெண்ணை 'மாதிரி' என்பர். அது −32,768 முதல் 32,767 வரை எந்த மதிப்பையும் பெறலாம். இத்தகைய எண்களைக் கொண்டு இசையொலியை உருவாக்கும் நிரலை அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மாக்ஸ் மேத்யூஸ் 1957-இல் எழுதினார். இன்று பள்ளிக் கணினியிலும் கைப்பேசியிலும் அதே கொள்கையே இயங்குகிறது.

இரண்டு பதிவுகளை வெறுமனே ஒட்டும்போது என்ன நிகழ்கிறது என்பதை எண்களில் காணலாம். முதற்பதிவின் கடைசி மாதிரி 20,000 என்றும், அடுத்த பதிவின் முதல் மாதிரி −15,000 என்றும் கொள்வோம். அலை ஒரே தாவலில் 35,000 அலகு கீழே விழுகிறது. ஒலிபெருக்கியின் கூம்பு அத்தாவலைப் பின்பற்ற முயலும்போது 'டக்' என்றொரு சொடுக்கொலி எழுகிறது. வீதியிலும் இல்லாத, மண்டபத்திலும் இல்லாத ஒலி அது. இணைப்பிலிருந்து பிறந்த அந்நிய ஒலி. இதை நீக்கப் பெரிய முயற்சி தேவையில்லை; 10 மில்லிவினாடி, அதாவது 441 மாதிரிகள் அளவுக்குத் தேய்த்து வளர்த்தாலே போதும்.

இரண்டு வினாடி இணைப்புக்கு 88,200 மாதிரிகள் வேண்டும. ஒவ்வொரு மாதிரிக்கும் நிரல் செய்யும் கணக்கு இது:

வெளிவரும் ஒலி = நிலையொலி × (1 − க) + வருமொலி × க

இங்கே 'க' என்பது இணைப்பின் தொடக்கத்தில் 0, முடிவில் 1. முதல் மாதிரியில் நிலையொலி முழுமையாக இருக்கும், வருமொலி இராது. 44,100-ஆவது மாதிரியில் இரண்டும் பாதிப்பாதி. கடைசியில் வருமொலி மட்டுமே இருக்கும். நிலையொலி, வருமொலி என்னும் பெயர்கள் மாணவர்களுக்கு வேறொரு பாடத்தை நினைவூட்டும். காரணத்தோடுதான் அப்பெயர்கள் இங்கு எடுத்தாளப்படுகின்றன.

நிலைமொழியும் வருமொழியும்

தொல்காப்பிய எழுத்ததிகாரத்தின் பெரும்பகுதி, சொற்கள் புணரும் முறையைப் பற்றியது. பின்வந்த பவணந்தி முனிவரின் நன்னூலும் புணர்ச்சியை இயல்பு, விகாரம் எனப் பிரித்து, விகாரத்தைத் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்றாக வகுத்தது. இலக்கணத் தேர்வுக்காக இவற்றை மனப்பாடம் செய்யும்போது, இவை செவியிலிருந்து பிறந்தவை என்பது பலவேளை மறந்துபோகிறது.

'மணி' என்ற சொல்லையும் 'ஒலி' என்ற சொல்லையும் சேர்த்து உரக்கச் சொல்லிப் பார்க்கலாம். இகரத்தில் முடிந்த வாய், ஒகரத்துக்குத் தாவ வேண்டியிருக்கிறது. இடையில் 'ய்' என்னும் உடம்படுமெய் தோன்றி 'மணியொலி' ஆகிறது. நாக்கு இகரத்திலிருந்து விலகிச் செல்லும் வழியில் இயல்பாகவே எழும் ஒலிதான் அந்த யகரம். 'திரு' என்பதுடன் 'அருள்' சேரும்போது யகரம் வருவதில்லை. உகரத்தில் குவிந்த இதழ்கள் விரியும் வழியில் வகரம் எழுந்து 'திருவருள்' ஆகிறது. எந்த மெய் தோன்றும் என்பதை நிலைமொழியின் ஈறு முடிவு செய்கிறது. 'பல்' என்பதுடன் 'பொடி' சேர்ந்தால் லகரம் றகரமாகத் திரிகிறது. 'மரம்' என்பதுடன் 'வேர்' சேர்ந்தால் மகரம் கெடுகிறது. 'பொன்' என்பதும் 'மலை' என்பதும் சேரும்போது எம்மாற்றமும் இல்லை.

எல்லாச் சொற்களுக்கும் பொதுவான ஒரே விதியை நம் இலக்கண ஆசிரியர்கள் கூறவில்லை என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. நிலைமொழியின் ஈற்றையும் வருமொழியின் முதலையும் பார். இரண்டுக்கும் உள்ள உறவு வேற்றுமையா அல்வழியா என்று பார். பிறகு புணர் என்றனர். ஒலிநிரல் எழுதுவோரும் பல்லாண்டுப் பட்டறிவுக்குப்பின் அடைந்த முடிவு இதுதான். இரண்டு ஒலிகளுக்கும் இடையிலான உறவை அறியாமல் இணைப்பின் அளவை முடிவு செய்ய இயலாது. சொற்புணர்ச்சியும் ஒலியிணைப்பும் ஒன்றே என்று இதனால் கொள்ளக்கூடாது. முன்னது பேசுவோரின் வாயில் நிகழ்வது. பின்னது பதிவான ஒலிமேல் வெளியிலிருந்து செய்யப்படுவது. ஆயினும் இரண்டும் எழுப்பும் வினா ஒன்று.

நடுவில் விழும் பள்ளம்

மேலே தந்த கணக்கின்படி வீதியொலியையும் மண்டப ஒலியையும் இணைத்த மாணவர்கள் ஒரு குறையை உணர்வர். தொடக்கம் நன்றாக இருக்கிறது. முடிவும் நன்றாக இருக்கிறது. நடுவில் மட்டும் ஒலி சற்று அமுங்கிப் பிறகு எழுகிறது. பாதியும் பாதியும் சேர்ந்தால் முழுமை ஆகவேண்டுமே, ஏன் குறைகிறது?

விடை இயற்பியலில் உள்ளது. செவி உணரும் ஒலியின் வலிமை வீச்சைச் சார்ந்ததன்று. வீச்சின் இருமடியைச் சார்ந்த திறனைச் சார்ந்தது. வீச்சு 0.5 ஆகக் குறைந்தால் திறன் 0.25 ஆகக் குறையும். வீதியின் இரைச்சலுக்கும் கோயில் மணிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒன்றின் அலை மேலே செல்லும்போது மற்றொன்றின் அலை மேலே செல்லலாம், கீழேயும் செல்லலாம். இத்தகைய தொடர்பற்ற ஒலிகள் சேரும்போது அவற்றின் திறன்களே கூடும். 0.25-உம் 0.25-உம் சேர்ந்தால் 0.5 மட்டுமே. முழுத்திறனில் பாதி. டெசிபல் அளவில் இது 3 டெசிபல் குறைவு. செவிக்குத் தெரியும் பள்ளம் இதுதான்.

பள்ளத்தை நிரப்ப, நடுவில் ஒவ்வோர் ஒலியின் வீச்சும் 0.5-க்குப் பதிலாக 0.707 ஆக இருக்கவேண்டும். 0.707-இன் இருமடி 0.5, இரண்டு 0.5 சேர்ந்தால் 1. நடுப்புள்ளியில் மட்டுமன்றி, இணைப்பின் ஒவ்வொரு கணத்திலும் இருமடிகளின் கூடுதல் 1 ஆக இருக்கவேண்டும். இப்பண்புடைய இரண்டு சார்புகளை மாணவர்கள் கணிதப் பாடத்தில் ஏற்கெனவே அறிவர். சைன் இருமடியும் கொசைன் இருமடியும் கூடினால் எக்கோணத்திலும் 1. ஆகவே நிலையொலியைக் கொசைன் மதிப்பாலும் வருமொலியைச் சைன் மதிப்பாலும் பெருக்கி, கோணத்தை 0 பாகையிலிருந்து 90 பாகை வரை நகர்த்தினால் பள்ளம் மறைந்துவிடும். இது 'சமதிறன் இணைப்பு' எனப்படுகிறது. முக்கோணவியல் எதற்குப் பயன்படும் என்று கேட்கும் மாணவருக்கு, இவ்விரண்டு வினாடி ஒலி ஒரு விடை.

அப்படியானால் எப்போதும் சமதிறன் இணைப்பையே பயன்படுத்தலாமா? அங்கேதான் உறவு குறுக்கிடுகிறது. கைப்பேசியில் இயங்கும் சுருதிப்பெட்டியை எடுத்துக்கொள்வோம். பதிவான சில வினாடித் தம்புரா ஒலியே திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அதன் முடிவும் தொடக்கமும் ஓயாமல் இணைக்கப்படுகின்றன. இங்கு இரண்டு ஒலிகளும் ஒரே தந்தியின் பிள்ளைகள். அலையின் ஏற்றமும் ஏற்றமும், இறக்கமும் இறக்கமும் பொருந்துமாறு வைத்துவிட்டால், அவற்றின் வீச்சுகளே நேராகக் கூடும். 0.5-உம் 0.5-உம் சேர்ந்து 1 ஆகும். இங்குச் சமதிறன் முறையைப் பயன்படுத்தினால் 0.707-உம் 0.707-உம் கூடி 1.414 ஆகி, ஒவ்வொரு சுற்றிலும் 3 டெசிபல் மேடு எழும். தொடர்பற்ற ஒலிகளுக்கு மருந்தானது, உறவுடைய ஒலிகளுக்கு நோயாகிறது.

பொருந்தாமல் வைத்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரே நாகசுரத்தின் ஒலியை இரண்டு ஒலிவாங்கிகள் பதிவு செய்வதாகவும், ஒன்று மற்றொன்றைவிட 34 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாகவும் கொள்வோம். ஒலி வினாடிக்கு 340 மீட்டர் செல்வதாகக் கணக்கிட்டால், அது தொலைவிலுள்ள ஒலிவாங்கியை 1 மில்லிவினாடி தாமதமாக அடையும். 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுடைய சுரத்தின் முழு அலைக்கு 2 மில்லிவினாடி. ஆகவே ஒன்றில் அலை உச்சத்தில் இருக்கும்போது மற்றொன்றில் பள்ளத்தில் இருக்கும். இரண்டையும் சம அளவில் கலந்தால் அந்தச் சுரம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். இரண்டு ஒலிகளைக் கூட்டி அமைதியைப் பெறுவது வியப்புத்தான். ஒலிப்பதிவாளருக்கு அது வியப்பாக இராது, தலைவலியாக இருக்கும். நல்ல நிரல்கள் இணைக்கும் முன் ஒரு பதிவைச் சிறிது சிறிதாக நகர்த்தி, இரண்டு அலைகளும் மிக நெருக்கமாகப் பொருந்தும் இடத்தைக் கணக்கிட்டுக் கண்டறிந்த பின்னரே இணைக்கின்றன.

கூட்டலில் மற்றொரு கண்ணியும் உண்டு. 24,000 மதிப்புள்ள மாதிரியும் 20,000 மதிப்புள்ள மாதிரியும் கூடினால் 44,000. 16 பிட் எண்ணில் 32,767-க்கு மேல் இடமில்லை. கவனமின்றி எழுதிய நிரலில் அம்மதிப்பு −21,536 ஆகச் சுற்றிக்கொண்டு, பெரிய நெருப்புப்பொறி வெடித்ததுபோல் ஒலிக்கும். இதனாலேயே இணைப்புக்கு முன் ஒலியளவில் சிறிது இடைவெளி விட்டுவைப்பர்.

தெரிந்து தெளிவோம்

நெல்லையப்பர் கோயில் மணிமண்டபத்திலுள்ள இசைத்தூண்கள் ஒரே கல்லில் செதுக்கப்பட்டவை; பெரிய தூணைச் சுற்றிச் சிறு தூண்கள் நிற்கின்றன. ஒன்றைத் தட்டும்போது எழும் அதிர்வு, பொதுவான கல்வழியே மற்றவற்றுக்கும் பரவுகிறது. தட்டிய தூணின் ஒலி தேயும்போது அதனோடு இயைந்த தூண்களின் அதிர்வும் கலந்து கேட்கிறது. பாதுகாப்புக் கருதி இத்தூண்களைத் தட்டிப்பார்க்காமல் கண்டு மகிழ்வதே முறை.

குரலும் நாகசுரமும்

காருகுறிச்சி என்பது தாமிரபரணிப் பாசனம் பெறும் ஊர்களுள் ஒன்று, சேரன்மகாதேவிக்கு அருகிலுள்ளது. அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கிய நாகசுரக் கலைஞர் காருகுறிச்சி அருணாசலம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் மாணவர். 1962-இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை' திரைப்படத்தில் எஸ்.எம். சுப்பையா நாயுடுவின் இசையமைப்பில், எஸ். ஜானகியின் குரலும் அருணாசலத்தின் நாகசுரமும் மாறி மாறி ஒலிக்கும் ஆபேரி ராகப் பாடல் ஒன்று உண்டு. இப்பகுதியில் திருமண வீடுகளிலும் திருவிழாக்களிலும் அதனைக் கேட்காதவர் அரிது.

ஒலியிணைப்பைப் பயில்வோர் அப்பாடலைக் காதணி ஒலிபெருக்கியில் கேட்கவேண்டும். நாகசுரம் திறந்தவெளிக்காகப் பிறந்த கருவி. கோயில் வீதியில் ஊர்வலத்தின் முன்னே சென்று தெருக்கோடி வரை கேட்கவேண்டியது. ஒரே அறையில் அதனருகே நின்று பாடும் பெண்குரல் அதில் மூழ்கிவிடும். பாடலிலோ இரண்டும் ஒத்த அளவில் செவியை அடைகின்றன. குரல் ஒரு சுரக்கோவையை முடிக்கும் அதே சுரத்தை நாகசுரம் எடுத்துக்கொள்கிறது. சுருதி ஒன்று, ராகம் ஒன்று, கமகத்தின் அசைவும் ஒன்று. குரல் எங்கே முடிந்தது, கருவி எங்கே தொடங்கியது என்று செவி ஒருகணம் தடுமாறுகிறது. அளவுகளைச் சமன் செய்தது ஒலிப்பதிவின் திறம். ஆனால் இணைப்பின் பெரும்பகுதியைக் கலைஞர்களே செய்துமுடித்துவிட்டனர். உறவு நெருக்கமாக இருக்கும்போது கருவிக்கு வேலை குறைவு.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. இசைச் செயலிகளில், ஒரு பாடல் முடியும் முன்பே அடுத்த பாடல் தொடங்குமாறு சில வினாடித் தானியங்கி இணைப்பை அமைத்துக்கொள்ளலாம். ஒரே தாளக்கட்டில் அமைந்த துள்ளல் பாடல்களுக்கு அது பொருந்தும். கச்சேரிப் பதிவுகளுக்கு அதை வைத்தால், மங்களத்தின் கடைசிச் சுரத்தின்மேல் வேறொரு சுருதியில் அமைந்த ஆலாபனை ஏறி உட்காரும். செயலிக்கு இரண்டும் எண்களின் வரிசையே. உறவு உண்டா இல்லையா என்பதைக் கேட்பவர்தான் சொல்லவேண்டும்.

இணைப்பு மறைப்பது

மாணவர் குழுவின் உரைச்சித்திரத்துக்குத் திரும்புவோம். 1992-இலும் 2023-இலும் தாமிரபரணி பெருவெள்ளம் கண்டது. வெள்ளத்தைக் கண்ட ஒரு பெரியவரிடம் அக்குழு பேசுவதாகக் கற்பனை செய்துகொள்ளலாம். அவர் சொல்கிறார்: "தண்ணி இப்படி வரும்னு யாருமே சொல்லலை." பிறகு எட்டு வினாடி அமைதி. பின்னணியில் ஆற்றின் ஓசை மட்டும். அதன்பின், "சொல்லியிருந்தாலும் நாங்க வீட்டை விட்டுப் போயிருக்கமாட்டோம்" என்கிறார். தொடர்ந்து வேறெதையோ பேசத் தொடங்குகிறார்.

நேரம் குறைவு என்பதால் குழு பேச்சைச் சுருக்குகிறது. அமைதியையும் இரண்டாம் தொடரையும் வெட்டிவிட்டு, முதல் தொடரை அடுத்த பேச்சோடு இணைக்கிறது. ஆற்றின் ஓசையை இருபுறமும் தேய்த்து வளர்த்துவிட்டதால் வெட்டிய இடத்தை எவராலும் கண்டுபிடிக்க இயலாது. ஆனால் இப்போது கேட்பது ஒரு குற்றச்சாட்டு. அவர் சொன்னதோ குற்றச்சாட்டும் தன்னையே நொந்துகொள்ளுதலும் கலந்த ஒன்று. நாடாக் காலத்தில் வெட்டிய துண்டு மேசைமேல் கிடக்கும், கண்ணுக்குத் தெரியும். கணினியில் வெட்டு தெரிவதில்லை, ஒட்டும் தெரிவதில்லை. சரியாகச் செய்யப்பட்ட தேய்வளர் இணைப்பின் வெற்றியே அது இருப்பது தெரியாமல் இருப்பதுதான். இதனால், நிகழ்ச்சி தயாரிப்போர் பேட்டியின் முழுப்பதிவைத் தனியே பாதுகாப்பதும், பொருள் மாறக்கூடிய இடத்தில் வெட்டாமல் வேறிடத்தில் சுருக்குவதும் நல்ல வழக்கம். அமைதியைச் சுருக்கவேண்டுமென்றால் எட்டு வினாடியை மூன்றாக்கலாம். அப்போதும் அது அமைதியாகவே நிற்கும்.

இங்கே பயன்படும் ஒரு சிறு பழக்கத்தையும் குறிப்பிடவேண்டும். எந்த இடத்தில் பதிவு செய்தாலும், பேச்சு முடிந்தபின் எவரும் பேசாமல் அரை நிமிடம் அவ்விடத்தின் ஓசையை மட்டும் பதிவு செய்துகொள்வர். குறுக்குத்துறைப் படித்துறையின் அமைதி வேறு. வகுப்பறையின் அமைதி வேறு. இரண்டு பேச்சுத் துண்டுகளுக்கு நடுவே முழு நிசப்தத்தை வைத்தால், பதிவு செத்துப் பிழைத்ததுபோல் தோன்றும். அவ்விடத்துக்கே உரிய ஓசையை வைத்தால் செவி தடங்கலின்றிக் கடக்கும். 'மணி'க்கும் 'ஒலி'க்கும் நடுவே வரும் யகரத்தின் வேலையை ஏறக்குறைய அது செய்கிறது.

அகரமும் இகரமும் சேர்ந்தால்

இதுவரை கூறியவற்றில் இரண்டு ஒலிகளும் தத்தம் உருவை இழக்கவில்லை. ஒன்று மெலிந்தது, ஒன்று வலுத்தது. ஓர் ஒலியே மற்றோர் ஒலியாக உருமாறுவது வேறு நிகழ்வு. இவ்வேறுபாட்டைத் தமிழ் உயிரெழுத்துகளைக் கொண்டே விளக்கலாம்.

அகரமும் இகரமும் சேர்ந்து ஐகாரம் போல ஒலிக்கும் என்பதைத் தொல்காப்பியம் மொழிமரபில் குறிப்பிடுகிறது. ஒரு மாணவர் 'அ' என்று நீட்டி ஒலிக்கும் பதிவையும், அவரே 'இ' என்று நீட்டி ஒலிக்கும் பதிவையும் கணினியில் தேய்வளர் முறையில் இணைத்துப் பார்க்கட்டும். ஐகாரம் பிறக்காது. நடுப்பகுதியில் இருவர் ஒரே நேரத்தில் வெவ்வேறு உயிர்களை ஒலிப்பதுபோல் கேட்கும். ஏனெனில், உயிரொலியின் அடையாளம் அதன் அளவில் இல்லை. வாய்க்குழியின் அதிர்வு நிலைகளில் உள்ளது. ஆண்குரலில் அகரத்துக்கு அந்நிலைகளில் முதலாவது தோராயமாக 700 ஹெர்ட்ஸ். இரண்டாவது 1,200 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். இகரத்துக்கு முதலாவது 300 அளவுக்கு இறங்கும். இரண்டாவது 2,200 அளவுக்கு ஏறும். வாயில் ஐகாரம் பிறக்கும்போது நாக்கு உயர்வதால் இந்நிலைகள் 700-லிருந்து 300-க்கும், 1,200-லிருந்து 2,200-க்கும் வழுக்கிச் செல்கின்றன. ஒலியளவைக் கூட்டிக் குறைப்பதால் இவ்வழுக்கல் நிகழாது. நிரல் முதலில் ஒலியைப் பகுத்து அதன் அதிர்வு நிலைகளைக் கண்டறிந்து, அந்நிலைகளையே நகர்த்தி, மீண்டும் ஒலியாகத் தொகுக்க வேண்டும். இதனை ஒலி உருமாற்றம் என்பர். கலத்தல் எளிது, உருமாற்றம் அரிது.

எழுத்தைப் பேச்சாக்கும் கணினிக் குரல்களை உருவாக்கியோர் இவ்வேறுபாட்டோடு நெடுங்காலம் போராடினர். பதிவு செய்த குரலைச் சிறு துண்டுகளாக்கி, வேண்டிய வரிசையில் ஒட்டிப் பேசவைக்கும் முறை ஒன்று உண்டு. எழுத்துக்கு எழுத்து வெட்டி ஒட்டினால் பேச்சு திக்குகிறது. ஏனெனில் ஓர் எழுத்திலிருந்து அடுத்த எழுத்துக்கு வாய் நகரும் நகர்வில்தான் பேச்சின் உயிர் இருக்கிறது. ஆகவே, நகர்வை முழுமையாகத் துண்டுக்குள் வைத்துக்கொண்டு, ஒலி ஓரளவு நிலையாக நிற்கும் உயிரின் நடுவில் வெட்டும் முறை தோன்றியது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தலைமையில் இந்திய மொழிகளுக்குக் கணினிக் குரல் உருவாக்கிய ஆய்வாளர்கள், அசையை அலகாகக் கொள்ளும் முறையைக் கையாண்டனர். அசை என்பது யாப்பிலக்கணம் பயிலும் மாணவர்களுக்குப் புதிய சொல்லன்று. ஆய்வாளர்கள் கொண்ட அசை, நேரசை நிரையசைகளைப் போலன்றி உயிரை மையமாகக் கொண்ட ஒலித்தொகுதி. இன்று நரம்பியல் வலையமைப்புகளைப் பயன்படுத்தும் குரல்கள் ஒட்டுவதற்குப் பதில் ஒலியைப் புதிதாகவே ஆக்குகின்றன. அங்கு வெட்டும் இடம் என்ற பேச்சே இல்லை.

இக்குரல்களை நாள்தோறும் நம்பியிருப்பவர்கள், திரைவாசிப்பான் வழியே பாடநூல்களைக் கேட்கும் பார்வை மாற்றுத்திறனாளி மாணவர்கள். அவர்களின் செவியை அடையும் இணைப்பு, எழுதியவர் இட்ட ஒற்றெழுத்தையும் பொறுத்தது. 'வாழைப்பழம்' என்பதில் இரட்டித்த பகரம், 'அப்பம்' என்பதில் போல வல்லோசையுடன் ஒலிக்கவேண்டும். ஒற்றை விட்டுவிட்டு 'வாழைபழம்' என்று சேர்த்துத் தட்டச்சு செய்தால், இரண்டு உயிர்களுக்கு நடுவே தனித்து நின்ற பகரத்தைக் 'கபம்' என்பதில் உள்ளதுபோல் மென்மையாகவே பொறி ஒலிக்கும். கண்ணால் படிப்பவர் அப்பிழையைத் தாண்டிச் சென்றுவிடுவார். காதால் படிப்பவர் ஒருகணம் நின்று, அது என்ன சொல் என்று மீண்டும் கேட்கவேண்டியிருக்கும்.